கண் சிவக்காமல் இருக்க

அன்பு மகள் வெர்லீனுக்கு,

அலாஸ்காவின் குளிரில் நீயும் என் பேத்தி குட்டி டேஷாவும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நம் ஊர் மேகனில் நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன், சுகம் என்று எழுதினால் பொய். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக, கோணலாக இருக்கிறது என்று நினைப்பாய். என் இடது கண் போய்விட்டது.

ஐந்து வருடத்துக்கு முன்பே கிளாக்கோமா என்று கண் டாக்டரம்மா சொல்லிவிட்டார், உன்னிடம் மறைத்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரிக்குமாம், வலி கிலி எதுவும் கிடையாது. மூன்று சொட்டு மருந்து பற்றிப் பொறுமையாகச் சொன்னார். ஒன்று நாடித் துடிப்பைக் குறைக்கும், என் ஆஸ்துமாவுக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று நாளுக்கு மூன்று வேளை, எரியும், தொண்டையில் கசக்கும். மூன்றாவது ராத்திரி ஒரே சொட்டு, அழுத்தத்தை நன்றாக இறக்கும், ஆனால் கண் சிவக்கும், உங்களுக்கு அதுதான் சரி என்றார். சிவப்புதானே என்று நானும் வாங்கிவந்தேன். குடியை விட்டு ஏழு வருடம் ஆனவனுக்கு அது என்ன சிவப்பு என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சலூன் நாற்காலியில் உட்காருகிறவன் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் தூரம். நேத்து ராத்திரி பலமோ என்று நம் பழைய வாடிக்கை டெல்பர்ட் கேட்க, கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்த நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நீ வந்தாய். வாசலிலேயே என் கண்ணைப் பார்த்துவிட்டு, “திரும்ப ஆரம்பிச்சாச்சாப்பா?” என்றாய். இல்லை என்றேன். குடித்த காலத்திலும் இல்லை என்றுதானே சொல்வேன், நீ எப்படி நம்புவாய்? டேஷாவைத் தூக்கிக்கொண்டு, வான்கோழியைத் தொடாமல் போய்விட்டாய். மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டியிருக்கலாம். வீம்பு, வேறென்ன.

மறுநாளே மருந்தை நிறுத்தினேன். கண் வெளுத்தது. டாக்டரிடம் போவதற்கு முன் மூன்று நாள் மட்டும் போட்டுக்கொள்வேன், அழுத்தம் சரியாக இருக்கிறது, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அந்த அம்மா சந்தோஷப்படுவார். பக்கப் பார்வை மட்டும் ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று அவருக்குப் புரியவில்லை. வெள்ளைக் கண்ணோடு நாலு நன்றி நாளுக்கு உன்னை எதிர்பார்த்தேன், நீ வரவில்லை. போன மாதம் டெல்பர்ட்டின் காதைக் கீறிவிட்டேன், ரத்தம் கழுத்தில் வழிந்தது எனக்குத் தெரியவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அன்றோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறந்தான் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். போனது திரும்பாது, வலது கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை வெர்லீன். இது ரத்தத்தோடு வருகிற நோய், உனக்கும் நாற்பது ஆகிறது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டினால் போதாது, அழுத்தம், நரம்பு, பக்கப் பார்வை எல்லாம் பார்க்கச் சொல். கொடுக்கிற மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் வாயைத் திறந்து சொல், வேறு தருவார்கள். என் புத்தி உனக்கு வேண்டாம். நான் இப்போது ஒரு நாள் விடாமல் சொட்டு விடுகிறேன், கண் சிவந்துதான் இருக்கிறது, சொல்கிறவன் சொல்லட்டும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் காப்பாராக. இந்த மாதத்துக்குள் கண்ணைக் காட்டிவிடு, மறக்காதே. என்றாவது இங்கே வந்தால் என் வலது பக்கமாக வந்து நில்லம்மா. இடது பக்கம் நின்று கோபித்துக்கொண்டு போனால், நீ வந்ததுகூட எனக்குத் தெரியாது.

உன் அப்பா,
ஹோரஸ்