தேசிக்காய்மேல் வண்டி ஏற்றியவர்

ஸ்காபரோ
31.10.2022

அன்புள்ள தில்லையம்பலத்துக்கு,

சீனித்தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் காதுக்குப் பாதி கேட்காது, மற்றப் பாதியை நீ கேட்காதது மாதிரி இருப்பாய். அதனால் வழக்கம்போலத் தபால்.

உன் மகன் கிருபன் முகநூலில் போட்ட படத்தை நேற்று என் பேத்தி யதுஷா காட்டினாள். ஒஷாவாவில் உன் வீட்டு வாசல். உன் சிவப்பு ட்ராக்டர். புல் வெட்டும் தட்டைக் கழற்றி, முன்னுக்கு ஸ்னோ தள்ளும் தகட்டைப் பூட்டி, பின் சில்லுகளுக்குச் சங்கிலி சுற்றி, குளிர்காலத்துக்கு முழுத் தயாராக நிற்கிறது. நாலு சில்லுக்கும் கீழே, கண்ணூறு கழிய வைத்த தேசிக்காய் நசிந்து கிடக்கிறது. நீ கும்பிட்டபடி நிற்கிறாய். ஓட்டுகிற இருக்கையில் தொப்பி போட்ட ஒருவர்.

யார் அவர்?

பதினான்கு வருடமாக ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நான் ஒஷாவாவுக்கு வருவேன், அடுத்த சனி நீ இங்கே வருவாய். பண்ணை ஏலத்தில் ஒரே நாளில் வாங்கிய வண்டிகள், இரண்டுக்கும் ஐம்பது வயதாகப் போகிறது. சொந்தக்காரன் கும்பிட்டு நிற்க, மற்றவன் தேசிக்காய்மேல் ஏற்றவேண்டும் என்பது நாங்கள் வைத்த முறை. உன் வண்டியை ஏற்றுவது நான். சனி காலை ஒயில் பிடித்த பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு உன் அழைப்புக்காக மத்தியானம்வரை இருந்தேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மனுசி சிரிக்கிறாள். "ஒரு பொம்பிளைக்காக எரிஞ்சாலும் பரவாயில்லை, உந்தப் பழைய ட்ராக்டருக்கு உப்பிடி எரியிறியளே" என்கிறாள்.

அன்புடனும் கோபத்துடனும்,
சீனித்தம்பி

ஒஷாவா
4.11.2022

அன்பு சீனி,

உன் கடிதம் சுடச்சுட வந்தது. அவர் பக்கத்து வீட்டு மரியரட்ணம் அண்ணை. கொழும்பில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். நல்ல கை. நீயும் நானும் அரை நாள் குனிந்து நின்று கழுவுகிற கார்பரேட்டரை ஒரு மணித்தியாலத்தில் கழற்றிப் பூட்டிவிட்டார். தேசிக்காய் அவருக்குப் புதிது, நான்தான் வைக்கச் சொன்னேன். உன் வண்டியையும் பார்க்கக் கேட்டால் சந்தோசமாக வருவார்.

இந்தச் சனி எனக்கு வர வசதிப்படாது. வீட்டில் கொஞ்சம் வேலை. கோபிக்காதே. பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன்
தில்லை

ஸ்காபரோ
10.11.2022

திரு. தில்லையம்பலம் அவர்களுக்கு,

உங்கள் மரியரட்ணம் அண்ணை வரத் தேவையில்லை. எல்லாம் தனியாகவே செய்துவிட்டேன். பழைய பெற்றோலை வடித்தேன், குளிருக்கேற்ற மெல்லிய ஒயில் விட்டேன், பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். தகட்டைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், ஆணி செருக ஒருவர் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் முழங்காலைக் கீழே கொடுத்துச் செருகினேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். சறுக்காமல் இருக்கப் பின் ரயர் இரண்டுக்குள்ளும் பாரத்துக்குத் தண்ணீரும் நிரப்பினேன், நீங்கள் வருடாவருடம் செய்கிறது போலவே.

பதினான்கு வருடம் உங்கள் கார்பரேட்டரைக் கழுவிய கை என்னுடையது. ஒருநாளாவது அதை நல்ல கை என்று நீங்கள் சொன்னதில்லை.

இப்படிக்கு,
க. சீனித்தம்பி

ஒஷாவா
14.11.2022

அன்பு சீனி,

முதலில் ரயரைப் பார். தண்ணீரா விட்டாய்? நான் விட்டது கார்க் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர், அது உறையாது. ரயர் வேலை தொடங்கும்போதே நீ தேத்தண்ணி போட உள்ளே போய்விடுவாய், அதனால் இத்தனை வருடமும் கவனிக்கவில்லை. உறைய முன் வடித்துவிடு.

இனி மற்றது. எங்கள் முறையை வைத்து நீ அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாய். அதில் ஓட்டியவர்தான் சொந்தக்காரர். வண்டியை மரியரட்ணம் அண்ணைக்கு விற்றுவிட்டேன். வீட்டையும் விற்றாயிற்று. மாதக் கடைசியில் மிசிசாகாவுக்கு, கிருபனோடு பதினேழாம் மாடிக்குப் போகிறேன். அங்கே தள்ளுவதற்கு ஸ்னோ இல்லை.

விற்பதென்றால் முதலில் மற்றவனைக் கேட்பது என்று பேசியிருந்தோம். கேட்டிருந்தால் நீ விற்காதே என்றிருப்பாய், நானும் விற்றிருக்க மாட்டேன். என் யோகராணி கண்மூடிய பிறகு இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலம் தனியே என்னால் முடியாது. கடைசித் தடவையாக நீ அதைத் தேசிக்காய்மேல் ஏற்றுவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அதனால்தான் கூப்பிடவில்லை. நான் கும்பிட்டு நின்றது அதை வழியனுப்ப.

உன் எரிச்சலை வாசித்து எனக்கும் எரிச்சல் வந்தது. உனக்கு இன்னும் ஒரு வண்டி இருக்கிறது.

தில்லை

ஸ்காபரோ
21.11.2022

அன்புள்ள தில்லை,

உன் கடிதத்துக்கு முன்னரே குளிர் வந்துவிட்டது. ரயர் இரண்டும் கல். வாசல் ஸ்னோவைச் சவளால் அள்ளி இடுப்பும் போய்விட்டது. நாலு நாளாக உன்மேல் கோபமாக இருந்தேன். விற்றதற்காக இல்லை. என்னை விட்டுவிட்டுத் தனியே நின்று வழியனுப்பியதற்காக.

அவர் என் இடத்தில் ஏறியிருக்கிறார் என்று எரிந்தேன். அவர் ஏறியது சொந்தக்காரனான உன் இடத்திலாம். எரிச்சல் இன்னும் போகவில்லை, ஆனால் இப்போது உனக்காக எரிகிறேன்.

சனிக்கிழமை காலை ஒஷாவாவுக்கு வந்து உன்னைக் காரில் ஏற்றி இங்கே கொண்டுவருகிறேன். கராஜில் ஹீற்றர் வைத்து ரயரை இளக்கிக்கொண்டிருக்கிறேன். நீலத் தண்ணீர் வாங்கியாயிற்று. நான் செருகிய ஆணியும் ஆடுகிறது, வந்து பார். என் வண்டி இன்னும் தேசிக்காய்மேல் ஏறவில்லை. மற்ற எல்லாம் தனியே செய்தேன், கும்பிடுகிறவனே ஓட்டுவது எப்படி என்றுதான் தெரியவில்லை. நாலு காயும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன.

இந்த முறை ரயர் வேலை முடியும்வரை நான் உன் பக்கத்தை விட்டு நகரப்போவதில்லை. அப்போது தேத்தண்ணி போட ஆள் வேண்டும். உன் மரியரட்ணம் அண்ணையையும் கூட்டி வா.

ஓட்டுகிற இருக்கையில் மட்டும் அவர் ஏறக்கூடாது.

உன்
சீனி