கிளாத்தி இருக்கும் தொட்டி

அக்டோபர் 6, திங்கள்

லயன் மீன் இன்று வலது பக்கத்தை மட்டுமே காட்டுகிறது.

நான் தொட்டிக் கண்ணாடியின் அந்தக் கோடிக்குப் போனால் அதுவும் மெல்லத் திரும்பி, மறுபடி வலது பக்கத்தையே என் முன்னால் வைத்துக்கொள்கிறது. இறால் துண்டைப் போட்டபோதும் அப்படித்தான். விசிறி மாதிரி விரியும் செட்டையை மடக்கியே வைத்திருக்கிறது. முதுகு முழுக்க விஷ முள் இருக்கிற மீன். அது எதை ஒளிக்க வேண்டும்?

தொட்டியின் இன்னொரு மீன் கிளாத்தி தன் பொந்துக்கு வெளியே வந்து என்னைப் பார்த்தது. உடம்பை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டும். எனக்கு அந்தப் பார்வை என்றாலே பயம். ஒருமுறை இரை கொடுக்கும்போது என் விரல் நுனித் தோலை எடுத்திருக்கிறது.

ஷமீல் அண்ணன் வேலைக்காக மஸ்கட்டுக்குப் போவதற்கு முன் சொன்னது: “எடீ, இந்த வீட்டுல பேசாம உட்காந்து பாக்குற ஆளு நீ ஒருத்திதான். தொட்டிய வேற யாருகிட்ட விடறது?” உப்புத் தண்ணீர் கலக்குவது, பாதித் தண்ணீர் மாற்றுவது, கரண்ட் போனால் பேட்டரி பம்ப்பைப் போடுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். மீன் ஒரு பக்கத்தை மறைத்து நின்றால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பார்த்துவிட்டேன்.

லயன் பாறைக்கு அடியிலிருந்து வெளியே வந்த ஒரு நொடி இடது பக்கம் தெரிந்தது. செட்டையில் தோலே இல்லை. காற்றில் கிழிந்த குடையில் கம்பி மட்டும் நிற்குமே, அப்படி.

கிளாத்திதான். தொட்டியில் வேறு யார் இருக்கிறார்கள்? முதலில் வந்தது அது. வந்தபோது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. இப்போது ஒரு சாண் நீளம் வளர்ந்துவிட்டது. பாறைகளை வாயால் கவ்வி நகர்த்துகிறது. முழுத் தொட்டியும் தனக்கே என்று நினைக்கிறது. அண்ணன் இருந்தவரை இப்படி இல்லை.

அத்தாவிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “பழகிடும் மோளே” என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

ஜும்ஆ முடிந்து அண்ணன் வீடியோவில் வந்தான். முதலில் அத்தா, பிறகு உம்மா, கடைசியில் நான். எப்போதும் அப்படித்தான். எனக்கு வரும்போது மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். அது எனக்கும் நல்லது.

லயனைப் பற்றிச் சொன்னேன். உடனே அவன் குரல் மாறியது.

“சாப்புடுதா?”

“கொஞ்சம்.”

“மேல போச்சா? மேல் மூலையில, பைப்புக்குப் பின்னால?”

“இல்ல. அடியிலதான் நிக்குது.”

“அப்ப குழப்பமில்ல, பயப்படாத. நல்லாக் கேட்டுக்கோ. அடி வாங்குற மீனு மொதல்ல ஒரு பக்கத்த மறைக்கும். அப்புறம் தின்னாது. அப்புறம் மேல் மூலைக்குப் போவும். மூலைக்குப் போச்சுன்னா அதுக்கு அங்க எடமில்லன்னு அர்த்தம். அதுக்கு முந்தி பாறையெல்லாம் மாத்தி வை. கிளாத்திக்கு அது புது ஊரு மாதிரி இருக்கணும். கொஞ்ச நாளைக்கு அடங்கும்.”

“கிளாத்தியப் பிடிச்சு வெளிய வெச்சா என்ன?”

“பிடிச்சுப் பாரேன்! பொந்துக்குள்ள போயி முதுகு முள்ளத் தூக்கிடுச்சின்னா பாறைய ஒடைச்சாத்தான் வரும்.”

சிரித்தான். அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுவான், பின்னால் மற்றவர்களின் துணி தொங்கும். எட்டுப் பேர் ஒரு அறை. ஏன் படியில் என்று கேட்டேன். “ரூம்ல ரேஞ்ச் இல்லடீ” என்றான்.

அக்டோபர் 12, ஞாயிறு

லயன் சாப்பிடவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பாறைகளை மாற்றினேன். கையை விடப் பயம். தோசைக் கரண்டிக் காம்பாலும் உம்மாவின் இடுக்கியாலும் ஒவ்வொன்றாக நகர்த்தினேன். உம்மா திட்டினாள். “அந்த இடுக்கிய இனி அடுக்களைக்குக் கொண்டு வராத.”

அத்தா சாயா குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். “சாமானத்த மாத்தி வெச்சா சண்டை நிக்குமா? அப்டின்னா எங்க பஜாருல தெனமும் கடைய மாத்தி வெக்கணுமே.”

கிளாத்தி கர் கர் என்று சத்தம் போட்டது. அதன் பழைய பொந்து இருந்த இடத்திற்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் லயன் பாதி இறால் தின்றது!

அக்டோபர் 15, புதன்

கிளாத்தி புதுப் பொந்தைப் பிடித்துவிட்டது. எல்லாம் பழையபடி.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான்தான் கற்பனை செய்தேன் என்று நாளை எனக்கே தோன்றிவிடும்.

அண்ணன் மறுபடியும் படியில். வெயில் ஊரில் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. “சாப்டியா அண்ணே?” என்று கேட்டேன். “நான் என்ன லயனா?” என்று சிரித்தான்.

அப்போதுதான் கவனித்தேன். அவன் முகத்தின் வலது பக்கம் மட்டும்தான் திரையில் இருந்தது. ஃபோனைக் கை மாற்றினான். முகத்தையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டான்.

பின்னால் யாரோ இந்தியில் கத்தினார்கள். அண்ணன் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டான். ஃபோன் சாய்ந்தது. கொஞ்ச நேரம் மேற்கூரை மட்டும் தெரிந்தது, ஒரு குழல்விளக்கு. மூச்சுச் சத்தம். பிறகு, “வெக்கிறேன்டீ” என்றான். கட்டாகிவிட்டது.

யார் அது? ஏன் அண்ணன் அப்படிப் பயந்தான்? அண்ணன் யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

இந்த மலையாள ஊரில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, கூடப் படித்த பெண்கள் என்னைப் பேசவே விட மாட்டார்கள். நான் வாயைத் திறந்தால் என் தமிழ் கலந்த மலையாளத்தை அப்படியே பேசிக் காட்டுவார்கள். வீட்டில் பழகிடும் என்றார்கள். ஒருநாள் பாத்ரூமுக்குள் வைத்து வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். அன்று அண்ணன்தான் வந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “வா, வீட்டுக்குப் போலாம்” என்றான். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

நான் பார்த்தது மீனையா அண்ணனையா? பைத்தியக்காரத்தனமா இது?

அக்டோபர் 18, சனி

உம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “உனக்கு எப்பவும் பேடிதான், எதுக்கெடுத்தாலும் பயம். நல்லாருக்கிற பிள்ளையப் பத்தி வேண்டாதது பேசாத” என்று சொல்லிவிட்டு, மறுபடி நறுக்கினாள். கை வேகமாக ஓடியது.

அத்தாவிடம், கடையிலிருந்து வந்த பிறகு. வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி, கடைசியில் சொன்னேன். “நாலு ஆம்பளைங்க சேந்து இருக்கிற எடம், ஃபிதா மோளே. தள்ளுமுள்ளு இருக்கத்தான் செய்யும். பழகிடும்.”

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அடுத்த சந்தில் பூக்கட்டும் சீனியம்மாள் அக்கா அதிரசம் கொண்டுவந்தாள். ராஜபாளையத்துக்காரி. அவள் மகன் மாரிச்செல்வமும் மஸ்கட்டில்தான் இருக்கிறான். பேக்கரி வண்டி ஓட்டுகிறான்.

“வண்டி நெறைய ரொட்டி கெடக்காம், எனக்குத் திங்க அலுப்பா இருக்குங்கான், கழுத. ஏ ஜுமைலா, உன் மகளுக்கு வாயே கெடையாதா? நான் வந்து எம்புட்டு நேரமாச்சு, ஒரு சத்தத்தக் காணோம்.”

அப்போது கேட்டிருக்கலாம். உங்கள் மகன் எங்கள் அண்ணனைப் போய்ப் பார்ப்பாரா என்று. நாக்கு நுனிவரை வந்தது. உம்மா என்னைப் பார்த்தாள். நான் அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

லயன் மேலே போய்விட்டது. இடது மேல்மூலை, பைப்புக்குப் பின்னால். தலை கீழாக, தண்ணீர் மட்டத்தை ஒட்டி. வேகவேகமாக மூச்சு. கிளாத்தி கீழேயிருந்து போய்ப் போய் ஒரு கடி கடித்துவிட்டு வருகிறது. அவசரமே இல்லை அதற்கு.

வீட்டில் யாரும் இல்லை. அத்தா கடையில். உம்மா பள்ளுருத்திக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். உம்மா வரட்டும் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். கிளாத்தி மறுபடி மேலே போனது. எழுந்துவிட்டேன்.

முதலில் அடுப்பில் வெந்நீர் வைத்தேன். லயன் குத்தினால் சூடு பொறுக்கிற அளவு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். வலை கூடாது, முள் சிக்கிவிடும். அரிசி போடும், உள்ளே இருப்பது தெரிகிற பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி எடுத்தேன். நீல டிரம்மில் உப்புத் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருந்தது. காற்றுக் குழாயை அதில் போட்டேன். பிஸ்மி சொல்லிக் கையை விட்டேன்.

டப்பா இறங்கியதும் தண்ணீர் முழுக்க அலை. லயன் முதுகு முள்ளை என் பக்கம் சாய்த்தது. நான் அதைக் கொல்ல வரவில்லை என்று அதற்கு எப்படிச் சொல்வது? “வா, வா, ஒண்ணுமில்ல, வா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கிளாத்தி வந்து டப்பாவைக் கடித்தது. அந்தச் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டது, நகத்தால் தட்டுவதுபோல். அலறிவிட்டேன். ஆனால் டப்பாவை விடவில்லை. கரண்டியால் மெல்லத் தள்ளத் தள்ள, லயன் எல்லாச் செட்டையையும் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

டிரம்மில் விட்ட பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெந்நீர் கொதித்து வற்றி, பாத்திரம் கருகிவிட்டது.

அக்டோபர் 23, வியாழன்

டிரம்மில் லயன் இறால் தின்றது. முழுசாக.

அக்டோபர் 24, வெள்ளி

ஃபோன் அடித்ததும் அத்தா எடுப்பதற்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன். அத்தா ஆச்சரியமாகப் பார்த்தார்.

“அண்ணே, அந்தப் பக்கம் திரும்பு.”

“என்னடீ? லயன் எப்படி—”

“லயன வெளிய எடுத்துட்டேன். நீ திரும்பு.”

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அத்தா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு அவன் திரும்பினான்.

காதுக்குக் கீழே தாடைவரை வீங்கி, மஞ்சளும் கறுப்புமாக. காதில் காய்ந்த ரத்தம்.

“யாருடா?” என்றார் அத்தா. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அறைக்குப் பெரிய ஆள் ஒருவன். அண்ணனின் கட்டிலை எடுத்துக்கொண்டான். சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறான். அண்ணன் படியில்தான் படுக்கிறான். கம்பெனியில் சொல்லச் சொன்னார் அத்தா. “அத்தா, அவன்தான் கம்பெனிக்கு வேண்டிய ஆளு. ஒருத்தன் போயி சொன்னான். சொன்னவன் இப்ப கை ஒடிஞ்சு கெடக்கான்.”

உம்மா அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. “உம்மாட்ட சொல்லாத” என்றார் அத்தா. சாப்பிடும்போது உம்மா, “பிள்ள நல்லாருக்கானா?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அக்டோபர் 25, சனி

அத்தா காலையிலேயே ஏஜெண்டைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கேட்டது: “புதுசுல எல்லாரும் சொல்றதுதான் பாய். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க.” அத்தா ஃபோனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “திங்கக்கிழமை நேர்ல போறேன்” என்றார்.

திங்கள்கிழமையா? நேற்று அண்ணன் பேசியதை அந்த ஆள் கேட்டிருந்தால்? படியில் யாருமில்லாத நேரத்தில்? என்னால் உட்கார முடியவில்லை. மத்தியானம் இடியும் மழையும். குடையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் சீனியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். தனியாக அந்தச் சந்துக்குள் நான் போனதே இல்லை.

அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். “என்னத்தா, இந்த மழையில?”

சொல்ல ஆரம்பித்தேன். தொடங்கியதும் நிற்கவே இல்லை. தமிழ், மலையாளம், அழுகை எல்லாம் கலந்து வந்தது. அவள் நூலைக் கீழே போட்டாள்.

“அடிப்பாவி, அன்னைக்கி அதிரசத்த முழுங்குன வாயில இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” திட்டிக்கொண்டே மகனை அழைத்தாள். “ஏலே மாரி, வண்டிய ஓரங்கட்டு. பேசு இந்தப் புள்ளட்ட.”

ஃபோன் என் கைக்கு வந்தது. முன்பின் தெரியாத ஆள். “பாப்பா, அழாத. எந்தக் கம்பெனி, தங்கியிருக்கது எந்த கேம்ப்பு, அத மட்டும் சொல்லு.”

சொன்னேன். தெளிவாக, இரண்டு முறை.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாரிச்செல்வத்தின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

இப்போது மாலை. இன்னும் ஒன்றும் வரவில்லை. அவர்கள் மாரிச்செல்வத்தையும் அடித்துவிட்டால்? நான் எதற்கு அவரையும் இழுத்தேன்? யா அல்லாஹ்.

அக்டோபர் 26, ஞாயிறு

சுபுஹ் தொழுது எழுந்தபோது அத்தாவின் ஃபோனில் ஒரு படம் வந்திருந்தது. தரையில் பாய், அதில் வீங்கிய இடது பக்கம் மேலே தெரிய அண்ணன் படுத்துத் தூங்குகிறான். தலைமாட்டில் அவன் பை. கீழே மாரிச்செல்வம் எழுதியிருந்தார்: “ரொட்டி குடுக்கிற மாதிரி உள்ள போயி கூட்டிட்டு வந்துட்டேன். என் ரூம்லதான் இருக்காப்ல. தூங்கட்டும்னு எழுப்பல.”

பாஸ்போர்ட் கம்பெனியிடம்தான் இருக்கிறது. அந்த ஆள் தேடிக்கொண்டு வருவானா, தெரியாது. அத்தா நாளை ஏஜெண்டிடம் போகிறார். சீனியம்மாள் அக்காவும் கூடப் போகப் போகிறாளாம். எனக்குப் பயம் போகவில்லை.

உம்மா பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. “யாரு அது? ஷமீல்தானா? ஏன் தரையில படுத்திருக்கான்?” என்றாள். அத்தா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

“முகத்தப் பெருசாக்கிக் காட்டு மோளே” என்றாள் உம்மா.

பெரிதாக்கிக் காட்டினேன்.