பதினாறு ஜோடிகளின் வட்டம்

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மதியம் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். மாமாவின் முழங்கால் வலியும் டிக்கெட் இல்லாமல் எங்களோடு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் செடிகளுக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றியதில் ஒரு தொட்டிச் செடி அழுகிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. என் மூக்குக் கண்ணாடிக் கூடு உன் வீட்டு ஜன்னல் ஓரத்தில் இருக்கும். அனுப்ப வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஆரம்பித்ததுமே "அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை" என்று பேச்சை மாற்றிவிடுவாய். வகுப்பிலும் சில பிள்ளைகள் அப்படித்தான். கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவார்கள். அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நாங்கள் அங்கே இருந்த பத்து நாளும் கேட்க நினைத்து, கேட்காமலே எங்களை ரயிலேற்றிவிட்டாயே, அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

அதற்கு முன் நன்றி சொல்ல வேண்டும். உன் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டாய். தெருவில் மாமா வலியால் நின்றபோதெல்லாம், நீ ஏதோ கடைக் கண்ணாடியை வேடிக்கை பார்ப்பதுபோல் கூடவே நின்றாய். ஓரிடத்தில் பூட்டிக் கிடந்த வங்கியின் கதவைக்கூட ரசித்துப் பார்த்தாய். என் மகன் இறந்துபோய் ஐந்து வருஷம் ஆகிறது. அவனோடு இந்த உறவும் முடிந்தது என்று நீ இருந்திருந்தால் யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட உன் குரலைக் கேட்காமல் எங்களுக்குக் கழிந்ததில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பழைய சதுக்கத்துச் சந்தைக்கு எங்களை நீ காலையிலேயே அழைத்துப்போனாய். முப்பது வருஷம் செருப்புக்கடை வைத்திருந்த உன் மாமா சந்தையில் வேறு எதைப் பார்ப்பார்? பழைய ஷூக்கள் விற்கும் கடையில் ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வைத்தார். இவர் என்ன, சோதனை போட வந்த அதிகாரியா என்று கடைக்காரம்மா உன்னிடம் கேட்டதை நினைத்து இன்னமும் சிரிக்கிறேன்.

நாலு மணிக்குக் கடைகளை மடித்து, கற்களைக் கழுவிவிட்டார்கள். நீரூற்றுப் படியில் மூன்று பேர் வாத்தியங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். நானூறு வருஷமாக இங்கே காலையில் சந்தை, சாயங்காலம் ஆட்டம் என்று கல்வெட்டில் எழுதியிருந்ததை நீ படித்துச் சொன்னாய். நடுவில் கற்கள் குழிந்திருப்பது மூட்டை இழுத்தவர்களாலா, ஆடியவர்களாலா என்று மாமா கேட்டார். காலையில் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தவரே தோல் ஏப்ரனோடு ஆட வந்துவிட்டார். உன்னையும் கூப்பிட்டார்கள். நீ மறுத்தாய். நான்தான் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன்.

அப்போது காதோரம் நரைத்த ஒருவர் இரண்டு மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து எங்களுக்கு நிழல் பார்த்துப் போட்டார். நன்றி சொல்வதற்குள் போய் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஆட்டம் முடிந்ததும் சொல்லலாம் என்று அவரைக் கண்ணிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தெரிந்தது.

உள்வட்டத்தில் பதினாறு பெண்கள், வெளிவட்டத்தில் பதினாறு ஆண்கள். பாட்டு ஒருமுறை திரும்பும்போதெல்லாம் ஆண்கள் ஒரு இடம் தள்ளிப் போக வேண்டும். அப்படியானால் ஒரு சுற்று முடிவதற்குள் ஒவ்வொருவரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடியாக வேண்டும். இதில் யாரும் தப்ப முடியாது. அவர் தப்பினார். உன் முறை வந்தபோது ஓரமாகப் போய், குனிந்து ஷூ லேஸ் கட்டினார். நீ தனியாகக் காற்றோடு ஆடினாய். அடுத்த இடத்தில் மறுபடி சேர்ந்துகொண்டார். இரண்டாவது சுற்றில் சரியாக உன்னிடம் வரும்போது தண்ணீர் குடிக்கப் போனார். மூன்றாவதில் ஃபோனைப் பார்த்தார். நீயோ ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

முப்பத்து நாலு வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவளிடம் இது நடக்குமா? ஒருவரையொருவர் பார்க்கவே பார்க்காத இரண்டு பேர்தான் சேர்ந்து காப்பி அடிப்பவர்கள்.

பொய் எழுத மாட்டேன். உன் வீட்டுக்குத் திரும்பியதும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். உன்மேல் கோபமில்லை. முன்பொரு நாள் உன்னோடு இரண்டு அடி ஆடப்போய் உன் காலையே மிதித்துவைத்த என் மகன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான், அவ்வளவுதான்.

எனக்கு மாமாவை நினைத்துத்தான் கவலை. அவர் மகனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஊர் வந்த பிறகும் இரண்டு நாள் இதை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்று காலை காபி குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"டீச்சர், நமக்கு நாற்காலி போட்டானே, அந்தப் பையன் குனிஞ்சு என்ன பண்ணினான்?"

ஷூ லேஸ் கட்டினார் என்றேன்.

"அந்த ஷூவுல லேஸே கிடையாது. அப்படியே கால நுழைக்கிற ஷூ."

வட்டம், ஜோடி, சுற்று என்று நான் போட்ட கணக்கையெல்லாம் அவர் ஒரு ஷூவில் போட்டு முடித்திருந்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னார்:

"நம்மளப் பார்த்துதான் ஒளிஞ்சிருக்கான். நல்லவனாத்தான் இருக்கணும். ஆனா நமக்குப் பயந்து ஒருத்தன் குனியுற மாதிரி நாம இருக்கக் கூடாது. புள்ளைகிட்ட சொல்லிடு."

சொல்லிவிட்டேன். என் மகனை நீ மறந்துவிட்டதாக நாங்கள் நினைப்போமோ என்று நீ பயந்திருப்பாய். ஒரு எண்ணோடு இன்னொன்றைக் கூட்டினால் முதல் எண் அழிந்து போகிறதா என்ன? இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இன்னொன்று, எங்களை இழந்துவிடுவாயோ என்ற பயம். அதற்குக் கணக்கே வேண்டாம். உன் ஞாயிற்றுக்கிழமை ஃபோனை நிறுத்திப் பார், அடுத்த ரயிலில் வந்து நிற்போம்.

பதிலில் பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். மன்னிப்பு என்ற வார்த்தை வந்தால் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவேன். அவர் பெயரை மட்டும் எழுது. மாமா காலையிலிருந்து "லேஸ் எப்போ வருவாராம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயரே நிலைத்துவிடுவதற்குள் எழுதிவிடு.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தை