ரோசலின் டீச்சரும் என் நண்டும்

அண்ணன் மகள் சந்திரமதிக்கு, வங்கக் கடலையே வாய்ச்சொல்லால் அடக்கி வைத்திருக்கும் உன் சித்தப்பா கோவிந்தராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. போர்ட் பிளேரில் நானும் உன் சித்தி செல்லமும் உன் மகன் உதயசூரியனும் சௌக்கியம். சென்னையில் உன் உடம்பும் நர்ஸ் படிப்பும் எப்படி என்று எழுது. இங்கே மழை விட்டபாடில்லை, அபர்டீன் பஜாரில் மீன்களே குடை வாங்கிக்கொண்டு போகின்றன.

உன் கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. பால்வாடி ரோசலின் டீச்சருக்குப் பக்கம் பக்கமாக நன்றி, எனக்கு அடியில் ஒரே வரி. இருக்கட்டும். பையனைத் தோளில் சுமந்து இமயமலை போன்ற அந்தப் பால்வாடி மேட்டில் ஏறுகிறவன் யார், ரோசலினா? அதோடு, அவன் வகுப்பில் உட்காராவிட்டால் அடுத்த கப்பலில் வந்து அழைத்துப் போய்விடுவேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வழக்கமான இருபது ஆள் சோறு இறங்கவில்லை, பத்து ஆள் சோறுதான் இறங்குகிறது.

விஷயம் இதுதான். தினமும் வழியில் அவனுக்கு நண்டுக் கதை சொல்வேன், ஒற்றைக் கொடுக்கில் கல்கத்தாக் கப்பலைத் தூக்கும் நண்டு. பால்வாடி வாசலில், நண்டு வாயைத் திறக்கிற இடத்தில் நிறுத்திவிடுவேன், மிச்சம் சாயங்காலம். வேண்டுமென்றேதான். உள்ளே போனால் டீச்சர் டீச்சர் என்று உருகுகிறானே, பகலில் என்னையும் கொஞ்சம் நினைக்கட்டுமே! அவனோ ஜன்னலையே பார்த்திருந்து, போன வாரம் 'கேக்டா ஆயா' என்று இந்தியில் கத்தியிருக்கிறான், நண்டு வந்துவிட்டதாம். வங்காளி, தெலுங்குப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தொற்றிக்கொண்டு ஒரே அமளி.

அன்று சாயங்காலம் ரோசலினே வீட்டுக்கு வந்தாள். "மாமா, பிள்ள மனசு பூரா ஒங்க நண்டுகிட்டல்ல கெடக்கு. கதைய வாசல்லயே முடிச்சு அனுப்புங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவனை ஜன்னலை விட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைப்பாளாம். கொஞ்ச நேரம் சிப்பி பிரிக்கவிட்டு, அலுப்பதற்கு முன்பே எழுப்பிக் குதிக்கவிட்டு, மறுபடி உட்கார வைப்பாளாம். கடலையே அடக்கியவனுக்குச் சிப்பி வைத்தியம்! உன் சித்தி, "இவரு வாய அடக்க ஒன்னாலதாம்மா ஆச்சு" என்று அவளுக்குக் காபி கொடுத்தாள். எனக்கு இல்லை.

நேற்று வாசலிலேயே நண்டைக் கொன்றுவிட்டேன். "செத்துப்போச்சா?" என்றான். "செத்தே போச்சுடா" என்றேன். அவ்வளவுதான், தோளிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பெரிய சிப்பி, சின்னச் சிப்பி என்று பிரித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிரவில்லை. இருமிக்கூடப் பார்த்தேன், தீவே அதிர்ந்திருக்கும். அவன் ரோசலின் முகத்தைத்தான் பார்த்தான்.

ஆகவே உன் மகன் உட்கார்ந்துவிட்டான். நீ தீர்க்காயுசாக இருந்து படிப்பை நல்லபடியாக முடி, வேளைக்குச் சாப்பிடு. கப்பல் டிக்கெட் எடுத்திருந்தால் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடு. டீச்சருக்குத்தான் அவனைக் கொடுத்திருக்கிறேன், உனக்கும் கொடுக்க என்னால் ஆகாது.

இப்படிக்கு,
நண்டைக் கொன்ற பாவி,
சித்தப்பா கோவிந்தராஜ்