இரண்டு மீட்டர் விளிம்பு

ஜூன் 3

நிலச்சரிவு அபாய வரைபடம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். மழைக்கு முன் யார் யார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அதிகாரிகள் இதை வைத்துத்தான் சொல்வார்கள். விமானத்திலிருந்து அளந்த நிலத்தைக் கணினி ஒரே வாயில் விழுங்காது. சின்னச் சின்னச் சதுரங்களாக, டைல்களாக, வெட்டிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டைலோடும் சுற்றியுள்ள நிலத்தில் ஐம்பது மீட்டர் சேர்த்து வெட்டுவது வழக்கம், இல்லாவிட்டால் எது புதர், எது தரை என்று விளிம்பில் தடுமாறும். ஐம்பது வைத்தால் ஆறு நாள் ஓடும். இரண்டு வைத்தால் இரண்டே நாள்.

இரண்டு வைத்தேன்.

ஜூன் 6

கொடுத்தாயிற்று. மேலாளருக்கு வாயெல்லாம் பல். நான் முதலில் தேடியது அக்கா வீட்டை. பச்சை, ஆபத்தில்லை. சரியும் சேறு இறங்கும் ஓடை அவள் தெருவுக்கு மேலேயே திரும்பிவிடுகிறது. ஃபோன் செய்தேன். "அப்பாடா, அப்போ மூட்டை கட்ட வேண்டாம். உங்க அத்தான்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். சொன்னேன்.

ஜூன் 19

மூன்றாவது நாளாக மழை.

ஜூன் 20

காலையில் மனசு கேட்காமல் வரைபடத்தைத் திறந்தேன். அக்கா தெருவுக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு ஒரு கரை. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக. மலையில் ஏது நேர்கோடு? அது டைலின் விளிம்பு. அங்கே புதரையும் தரை என்று கணினி எண்ணியிருக்கிறது. அந்தக் கரையை எடுத்துவிட்டால் ஓடை நேராக அவள் வாசலுக்கு வருகிறது.

மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மேலாளர் "அனுப்பியாச்சேப்பா..." என்று இழுத்தார். பிறகு அதிகாரிகளிடம் சொல்ல அவரே ஃபோனை எடுத்தார். நான் அக்கா வீட்டுக்கு அடித்தேன். அத்தான் எடுத்தார். "நீதானே பச்சைன்னு சொன்ன? பதறாதே. இவளையும் பசங்களையும் முதல்ல அனுப்பறேன். நான் பூட்டிட்டு மெதுவா வரேன்."

மெதுவா வேணாம் அத்தான், மெதுவா வேணாம் - எத்தனை தடவை சொன்னேன்!

ஜூன் 21

நேற்றே சேறு அந்தத் தெருவுக்குள் இறங்கிவிட்டது. அக்காவும் பசங்களும் வந்துவிட்டார்கள், அத்தான் இன்னும் வரவில்லை.

ஜூன் 23

சேற்றுக்கடியில் கிடைத்தார். சட்டையைப் பார்த்து நான்தான் அடையாளம் சொன்னேன்.

ஜூலை 2

"மழைக்கு நீ என்ன பண்ணுவ?" என்கிறார் மேலாளர். மழையைப் பற்றி யார் பேசினார்கள்? ஒரு பத்து மீட்டராவது வைத்திருக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமைக்கு என்ன கொம்பா முளைத்திருந்தது? அக்காவும் பசங்களும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். வரைபடம் தப்பு என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். எப்படி விழுங்குவேன்?

ஜூலை 15

ஐம்பது வைத்து மறுபடி ஓடுகிறது. காலையில் அக்கா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இது ஏண்டா இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு?"

சொன்னேன். டைல், விளிம்பு, இரண்டு - எல்லாவற்றையும்.

"அன்னிக்கும் இப்படியே பண்ணியிருந்தா எத்தனை நாள் கூட ஆகியிருக்கும்?"

"நாலு நாள்க்கா."

உள்ளே போய்விட்டாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. இப்போது பசங்களைச் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.