பிணைக்கு வந்த தூண்டில்காரர்

பெப்ரவரி 1, ஞாயிறு

காலையிலேயே வெயில். காற்றில்லை. பொலிஸுக்குப் போய், பிணை நிபந்தனைப்படி மாதக் கையெழுத்து. புதிய சார்ஜன்ட். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மெத்தன அத்சன் கரன்ன" என்று சிங்களத்தில் சொல்லி, கையெழுத்துப் போடும் கோட்டை விரலால் காட்டினார். போட்டேன்.

யாராவது கேட்டால் இப்போது நாலு வரியில் சொல்லப் பழகிவிட்டேன்: துறைமுகத்தில் சாமான் இறக்கிக் கொடுக்கும் கம்பனியில் கிளார்க். டைல்ஸ் என்று எழுதிய கொள்கலனுக்குள் வேறு சாமான். முதலாளி துபாயில். கடதாசியில் இருந்த கையெழுத்து என்னுடையது. கடவுச்சீட்டு புதுக்கடை நீதிமன்றத்தில். மனைவியும் மகளும் மெல்பேர்னில். எனக்கும் விசா வந்ததுதான்.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்ப மனமில்லை. ராஜினியும் அபியும் போன பிறகு அது வீடில்லை, சாமான் அறை. பஸ் பிடித்து மட்டக்குளி. களனி ஆறு கடலில் விழும் இடம் வரைக்கும் நடை.

அங்கே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில். கையில் மெல்லிய நீளத் தடி. மஞ்சள் கயிறு தலைக்கு மேலே பின்னுக்கும் முன்னுக்கும் போகிறது. முதலில் ஆளுக்கு ஏதோ சுகமில்லை என்றுதான் நினைத்தேன். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒருவன் சிரித்தான்.

கரைக்கு வந்ததும் கேட்டேன். பெயர் நசீர். வெள்ளவத்தையில் மூக்குக்கண்ணாடிக்கடை. "இது ஃப்ளை ஃபிஷிங், அண்ணன். புழு, இறால் ஒண்டும் இல்ல. இத பாருங்க." கொக்கியில் வெள்ளைக் கோழி இறகும் மினுங்கல் நூலும். "சின்ன மீனெண்டு நெனச்சி பெரிய மீன் வரணும்."

"வருமோ?"

"வராது," என்று சிரித்தார். "வந்தா வரும்."

தடியைக் கையில் தந்தார். கயிறு என் கழுத்தில் சுற்றியது.

பெப்ரவரி 5, வியாழன்

புதுக்கடை. காலை முழுதும் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வழக்கு மீண்டும் தவணை. நீதவான் லீவு. வெளியே வந்து கடையில் ப்ளேன் டீ, மாலு பாண். பாண் நேற்றையது.

என் சட்டத்தரணி தவம், ராஜினியின் ஒன்றுவிட்ட அண்ணன். "கவலைப்படாதையும். அபின்ர கலியாணத்துக்கு எண்டு தனி விண்ணப்பம் போடுவம். மூண்டு கிழமைக்குப் பாஸ்போட்டை விடச் சொல்லி. ஆனா இன்னொரு சரீரப் பிணை கேப்பினம். உமக்காகக் கையெழுத்து வைக்க ஆள் பாரும்."

யாரைப் பார்ப்பது? கம்பனி ஆட்கள் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போகிறார்கள். சொந்தக்காரர் பாதிப்பேர் வெளிநாடு. மிச்சப் பேருக்கு அலுவல் இருக்கிறது, எப்போதும்.

கலியாணம் மார்ச் 7. அபி சேலையின் படம் அனுப்பியிருந்தாள். "வடிவாயிருக்கு" என்று எழுதினேன். வேறு என்ன எழுத.

பெப்ரவரி 8, ஞாயிறு

மெல்லிய மழை, பிறகு வெளித்தது. நசீர் (இனி ந.) தன் பழைய தடியைக் கொடுத்துவிட்டிருந்தார். நாலு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று. கொக்கியைக் கழற்றி ஒரு துண்டு கம்பளி நூல் கட்டித் தந்திருக்கிறார், பழகுவதற்கு.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவில் பழகினேன். பின்னுக்கு எறிந்த கயிறு முழுதும் நீளும் வரை காத்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அவசரம். சவுக்கு மாதிரிச் சத்தம், முடிச்சு.

மூன்றாவது மாடி திருமதி பெர்னாண்டோ துணி எடுக்க வந்தார். நூல் அவருடைய கவுணில் சிக்கியிருந்தது.

"என்னாங்க மாஸ்டர் இது, மாடியில மீனா?"

நான் மாஸ்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று.

"பழகிறன்."

"வீட்டுக்காரம்மா இல்லேன்னா ஆம்பிளைங்க இப்படித்தான்," என்று கவுணை உதறிக்கொண்டு போனார். தோளில் நோ. சித்தாலேப தைலம் பூசினேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பிடித்தேன்.

காலை, வற்றுத் தண்ணீர். ந. பக்கத்தில் நின்று ஓயாமல் "பொறுங்க, பொறுங்க, இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தரம், ஒரே ஒரு தரம், கயிறு பின்னால் நேராய் நீண்டதைக் கண்ணால் காணாமலே கையில் உணர்ந்தேன். முன்னுக்கு விட்டேன். போய் விழுந்தது. இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, திடீரென்று கயிறு உயிரானது. உள்ளங்கையில் தீ.

பாரைக்குட்டி. கையளவுதான். வெள்ளி. கையில் துடித்தது.

ந. எப்போதும் விட்டுவிடுவார். "விடுங்க அண்ணன், சின்னது. வளரட்டும்."

"விடமாட்டன்."

நான் சொன்ன விதத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் என்னை விடச் சொல்கிறார்கள், என்னை யாரும் விடுகிறார்களில்லை என்று ஏதோ சொன்னேன். ஒரு மீனை வைத்துக்கொண்டு. வெட்கம்.

நானே எல்லாவற்றையும் கொட்டினேன்: கொள்கலன், துபாய், கடவுச்சீட்டு, கலியாணம், பிணைக்கு ஆளில்லை.

மீனைக் கொண்டுவந்து மஞ்சள், உப்புப் போட்டுப் பொரித்துச் சாப்பிட்டேன். முழுக்க முள். நல்ல ருசி.

பெப்ரவரி 20, வெள்ளி

புழுக்கம். நோன்பு தொடங்கிவிட்டது. ந. கடைக்கு வரச் சொல்லியிருந்தார். புதிய கொக்கி காட்டத்தான் என்று போனேன்.

கண்ணாடி திருத்தும் விளக்கின் கீழ் இறகு சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல்: "அந்த பிணைக்கி நான் வாறன் அண்ணன்."

"நசீர் நானா, உங்களுக்கு விசரே? என்னை எவ்வளவு நாளாத் தெரியும்?"

"மீன் புடிக்கக்குள்ள மனுசனத் தெரியும்."

வெளியே வந்து காலி வீதியில் எந்தப் பக்கம் பஸ் என்று தெரியாமல் நின்றேன்.

பெப்ரவரி 24, செவ்வாய்

விண்ணப்பத்துக்கு அனுமதி!! தவத்துக்கே நம்பிக்கை இருக்கவில்லை. நிபந்தனை: பிணையாளி வெள்ளிக்கிழமை நேரில் வந்து ஒப்பமிட வேண்டும். நான் குறித்த நாளில் திரும்பாவிட்டால் அவர் பொறுப்பு. "பொறுப்பெண்டா சும்மா இல்லை. கடையும் போகும், ஆளையும் உள்ளுக்குப் போடுவாங்கள்," என்றார் தவம்.

பின்னேரம் ராஜினிக்கு எடுத்தேன். அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ரிட்டன் டிக்கெட் சும்மா காட்டத்தான். வந்தா நான் திரும்ப விடமாட்டன். இஞ்ச ஒரு லோயரோடயும் கதைச்சிட்டன்."

டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு வைத்தேன்.

இதை இங்கே மட்டும் எழுதலாம்: அவள் சொல்லமுன்பே நான் முடிவெடுத்துவிட்டேன். நீதவான் வாயைத் திறந்த அந்த நேரமே. போனால் வரமாட்டேன்.

பெப்ரவரி 26, வியாழன்

நோன்பு திறக்க ந. வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வெள்ளவத்தை, கடல் பக்க ஒழுங்கை, ரயில் போனால் கோப்பை அதிரும் வீடு. பேரீச்சம்பழம், கஞ்சி, சமூசா. மூன்று பெண்பிள்ளைகள். கடைசி, ஐந்து வயதிருக்கும், கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தது. "வாப்பாட மீன் மாமா" என்று மூத்தவளிடம் சொன்னது. உள்ளேயிருந்து அவர் மனைவி ரிசானா இன்னொரு கோப்பை கஞ்சி அனுப்பினார். "நல்லா சாப்பிடச் செல்லுங்க, மெலிஞ்சி போய் ஈக்கிறார்." முன்பின் கண்டதுகூட இல்லை அவரை.

கஞ்சியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன்.

ந. கேற் வரை கொண்டுவந்து விட்டார். "நாளைக்கி எத்தின மணிக்கி கோட்ஸுக்கு?"

"நானா, நான் போனா திரும்பி வரமாட்டன்."

ரயில் ஒன்று போனது.

"இத எனக்கி செல்லாம ஈந்தா நான் நாளைக்கி சைன் வச்சீப்பன்."

"அதுதான் சொன்னனான்."

"சரி. இப்ப சத்தியம் பண்ணுங்க, திரும்பி வாறன் எண்டு. ஒங்கட பிள்ளட பேர்ல செல்லுங்க. நான் சைன் வைக்கிறன்."

காத்திருந்தார். கோபமில்லை. ஆற்றில் என் பக்கத்தில் நிற்கிற மாதிரியே நின்றார். அபியின் பெயரில் எப்படிச் சொல்ல?

"நாளைக்கு வராதேங்கோ," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனார்.

பெப்ரவரி 27, வெள்ளி

கோர்ட். பிணையாளி இல்லை. விண்ணப்பம் போயிற்று. தவம் என்னைத் திட்டினார், சிங்களத்திலும் தமிழிலும். ராஜினிக்கு நான் சொன்னது: "வாறதெண்ட ஆள் கடைசியிலை மாட்டன் எண்டிட்டார்." பழி ந. மேல். அதுவும் செய்தேன்.

மார்ச் 7, சனி

கலியாணம். அங்கே முற்பகல், இங்கே இன்னும் விடியவில்லை. வேட்டி கட்டி, சால்வை போட்டு, குசினி மேசையில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அங்கே யாரோ போனை மாலைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அரைவாசி நேரம் ஒரு மாமாவின் முதுகு. தாலி கட்டும்போது நாதஸ்வரம் மட்டும் கேட்டது, படம் நின்றுவிட்டது. அட்சதைக்கு அரிசி எடுத்து வைத்திருந்தேன். எங்கே போட?

கடைசியில் அபி வந்து திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "அப்பா, சாப்பிட்டிட்டீங்களா?" அழுதழுது மை கரைந்திருந்தது. மாப்பிள்ளை பின்னால் நின்று கும்பிட்டார்.

மார்ச் 9, திங்கள்

வெக்கை. கரண்ட் இல்லை. ராஜினி எடுத்தாள். கலியாணக் கதை நெடுநேரம்: சாப்பாடு போதாமல் போனது, ஐயர் பிந்தி வந்தது. பிறகு குரலை மாற்றினாள்.

"தவம் அண்ணா அந்தக் கண்ணாடிக்கடைக்காரரோட கதைச்சவராம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவர் மாட்டன் எண்டு சொல்லேல்ல. நீங்கதான் வேண்டாம் எண்டிருக்கிறீங்கள்."

"ஓம்."

"ஏன் எண்டு நான் கேக்கேல்ல. வந்திருந்தா நான் உங்களை விட்டிருக்க மாட்டன். அது எனக்கும் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த மனுசனுக்குப் பிள்ளையள் இருக்கா?"

"மூண்டு. பொம்பிளைப் பிள்ளையள்."

அங்கே தண்ணீர்க் குழாய் திறந்து மூடும் ஓசை.

"மத்தியானம் என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

பருப்பும் சோறும் என்றேன்.