ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஸ்கூப்

செவ்வாய்க் கிரகம், நாள் 203. காலை 08.10

வடபனி முகாம். எழுதுவது ஃபாயிஸா, உணவியல் மருத்துவர். வெளியே மைனஸ் 71 டிகிரி. காற்று அமைதி.

என் எடை 57.8 கிலோ. இந்தக் கிரகத்தில் ஈர்ப்பு குறைவு, தசை தேய்கிறது. அதைத் தடுக்க ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன் பவுடர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். இருநூறு நாள் ஆய்வில் தெரிந்தது: சாப்பாடு ஒழுங்காக இருந்தால் ஒரு ஸ்கூப், முப்பது கிராம், போதும். இரண்டாவது ஸ்கூப் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடுகிறது.

முகாமில் என்னைத் தவிர இருப்பவர் மாரியப்பன் மட்டும். துளையிடும் இயந்திரத்துக்குப் பொறுப்பாளர். கோவில்பட்டிக்காரர், முப்பத்தெட்டு வயது, ஊரில் ஜிம்மே கதியாகக் கிடந்தவர். என் முடிவை அவர் ஏற்பதில்லை. ஏழு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் துளைக்குடிலுக்குப் போயிருக்கிறார். மாலை திரும்புவார்.

நாள் 203. 15.40

மணற்புயல் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது. குடிலுக்கும் முகாமுக்கும் இடையே தரையில் ஓடும் கேபிள் வழியாகத்தான் அவருக்கு மின்சாரமும் போகிறது, பேச்சும் போகிறது. அது அறுபடவில்லை.

குடிலிலிருந்து: "அக்கா, வண்டி குப்புறக் கவுந்துட்டு. கணுக்கால் ஒடிஞ்சிட்டுன்னு நினைக்கேன். தவந்துதான் உள்ள வந்தேன். பயப்படாதீங்க, வலி மட்டும்தான்."

கட்டுப் போடுவது எப்படி என்று படிப்படியாகச் சொன்னேன். போட்டுவிட்டார்.

நாள் 204. 09.30

தலைமை நிலையம் இங்கிருந்து தொள்ளாயிரம் கிலோமீட்டர். அங்கிருந்து நிலையத் தலைவர் ஜெயக்கொடி: "புயல் மூணு வாரம் நிக்கும். அதுவரைக்கும் விமானம் எடுக்க முடியாது. ஃபாயிஸா, தனியா வெளிய கிளம்பாதீங்க. இது உத்தரவு."

குடிலில் அவசர உணவு இருக்கிறது. நாற்பது கிலோ, எல்லாம் புரோட்டீன் பவுடர். எடை மிச்சப்படுத்துவதற்காக அரிசியையும் நெய்யையும் நீக்கிவிட்டு அதை மட்டும் வைக்கச் சொன்னது நான். டப்பாவில் ஒட்டிய சீட்டிலும் என் கையெழுத்துதான்: 'ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஸ்கூப்.' அங்கே யாரும் மூன்று நாளுக்கு மேல் மாட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துப் போட்ட கணக்கு.

மூன்று வாரம் என்கிறார்கள்.

நாள் 206. 12.15

குடிலிலிருந்து: "வயிறு முட்டக் குடிக்கேன், அஞ்சு நிமிஷத்துல மறுபடி பசிக்குக்கா. பன்னெண்டு பத்தல. பதினாறு போட்டுக்கிடவா?"

கூடாது என்றேன். சரி என்றார். குரலில் சமாதானம் இல்லை.

நாள் 208. 10.05

நேற்றிலிருந்து அவருக்கு வயிற்றுப்போக்கு, தலைவலி. தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. இன்று கேட்டபோது உண்மையைச் சொன்னார். மூன்று நாளாக இருபது ஸ்கூப்.

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மாவும் கொழுப்பும் இல்லாமல் புரதத்தை மட்டும் தின்றால் உடம்பு அதையே எரிக்கப் பார்க்கும். எரித்த பிறகு மிஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல்தான் வெளியேற்ற வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. அவர் எடைக்கு ஒரு நாளைக்கு இருநூற்று முப்பது கிராம் புரதம், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் அம்மோனியா ரத்தத்தில் ஏறும். அங்கிருந்து மூளைக்கு.

ஒரு ஸ்கூப்பில் இருபத்து நான்கு கிராம் புரதம். இருபது ஸ்கூப்பில் நானூற்று எண்பது.

நான் எழுதிய பன்னிரண்டிலேயே இருநூற்று எண்பத்தெட்டு.

சீட்டில் கையெழுத்துப் போடும்போது இந்தப் பெருக்கலை நான் செய்யவில்லை. கலோரியை மட்டும் பார்த்தேன்.

நாள் 208. 10.40

ஆறு ஸ்கூப்புக்கு மேல் தொடக்கூடாது என்று சொன்னேன்.

குடிலிலிருந்து: "ஆறா? நீங்க அங்க சோறு தின்னுக்கிட்டு சொல்லுதீங்க. பசியில செத்துருவேன்க்கா."

எனக்கு முன்னால் தட்டில் சோறு இருந்தது.

நாள் 210. 11.20

பேச்சு குழறுகிறது. என் பெயரைச் சொல்ல நேரம் எடுக்கிறது. நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று என்றார். அடுத்தும் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்தும்.

குடிலிலிருந்து: "நீங்கதான பக்கத்துல உக்காந்து எண்ணுதீங்க. அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கீங்க?"

பக்கத்தில் யாரும் இல்லை மாரி என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

நாள் 211. 06.50

போகிறேன். உத்தரவை மீறித்தான். இன்னும் இரண்டு நாளில் அவர் மயக்கத்தில் விழுவார். பிறகு எழ மாட்டார்.

கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஐந்து மணி நேரம். உடையில் ஏழு மணி நேரத்துக்கு ஆக்ஸிஜன். சறுக்குப் பெட்டியில் முப்பது கிலோ சாப்பாடு. முதுகுப்பையில் அவல், வெல்லம், ஒரு பாட்டில் நெய், அம்மோனியாவைக் குடல் வழியே இறக்கும் மருந்து.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், நான் தைரியசாலி என்று எண்ண வேண்டாம்.

நாள் 211. 10.15. உடை ஒலிப்பதிவு

நீட்டிய கை தெரியவில்லை. இரண்டு தடவை கேபிளை விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை தேடியெடுக்க நாற்பது நிமிடம். பள்ளத்தில் விழுந்தபோது பெட்டியின் கயிறு அறுந்தது. பெட்டி போய்விட்டது. முழங்காலில் உடை உரசிக் கிழிந்து காற்று கசிகிறது. ஒட்டுப் போட்டிருக்கிறேன். நிற்கவில்லை. முதுகுப்பை இருக்கிறது. யா அல்லாஹ், முதுகுப்பை இருக்கிறது.

நாள் 211. 12.38. உடை ஒலிப்பதிவு

குடில் வாசல். ஆக்ஸிஜன் இருபத்தாறு நிமிடத்துக்கு. இரட்டைக் கதவில் வெளிக்கதவு, உள்ளிருந்து இயக்கும் தாழ் போட்டிருக்கிறது. தட்டினேன். சுவரில் உள்ள பேச்சுப்பெட்டியில் அவர் குரல்.

"யாரு?"

நான்தான், ஃபாயிஸா, கதவைத் திற மாரி.

"அக்கா உள்ள இருக்காங்க. நீ யாரு?"

12.47

கெஞ்சினேன். அதட்டினேன். ஊர்ப் பெயர், அவர் அம்மா பெயர், எல்லாம் சொன்னேன்.

"அக்கா திறக்கக் கூடாதுங்காங்க. வெளிய நிக்கது ஆளே இல்லயாம்."

பதினேழு நிமிடம். கசிவால் அதற்கும் குறைவு.

12.53

நான்தான் நிஜம் என்று நிரூபிக்கிற வேலையை விட்டுவிட்டேன். உள்ளே இருக்கும் அக்கா சாப்பிட்டார்களா என்று கேட்டேன்.

"இல்ல... அவங்களுக்குன்னு கலக்கி வச்சேன். தொடவே இல்ல. நாலு நாளாச்சு. பாவம்."

அவங்களுக்குத்தான் அவலும் வெல்லமும் கொண்டுவந்திருக்கேன், வாங்கி அவங்களுக்குக் கொடு, நான் வாசலோட போயிடறேன் என்றேன். மூச்சு இழுக்க முடியாமல் சொன்னேன்.

"நெசமாவா? அவங்க பட்டினியாக் கெடக்காங்க."

தாழ் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

நாள் 211. 16.00

உள்ளே இருக்கிறேன். இருவரும் உயிரோடு.

மேசையில் வரிசையாகப் பதினோரு டம்ளர். எல்லாவற்றிலும் பவுடர் கரைத்து, மேலே ஆடை படிந்திருந்தது. அத்தனையும் இல்லாத எனக்காகக் கலக்கி வைத்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துப் பேசினார். மருந்து கொடுத்தேன். வெல்லத்தண்ணீர் ஸ்பூன் ஸ்பூனாக. பட்டினி கிடந்த உடம்பு, ஒரேயடியாகக் கொடுக்கக்கூடாது.

முழங்கால் கிழிசல் பெரிதாகிவிட்டது. இந்த உடையில் இனி வெளியே போக முடியாது. அவர் உடை எனக்குப் பொருந்தாது. புயல் விலகும்வரை இங்கேதான்.

நாள் 213. 09.00

அவர் கண் தெளிந்திருக்கிறது. என்னைப் பார்த்து "எப்பக்கா வந்தீங்க?" என்றார். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கையிருப்பு: அவல் ஒன்றரைக் கிலோ, வெல்லம் அறுநூறு கிராம், நெய் அரைப் பாட்டில். அவர் கல்லீரல் தேறும்வரை பவுடரை அவர் தொடக்கூடாது. ஆகவே இதெல்லாம் அவருக்கு. நான் பவுடர். ஒரு நாளைக்கு ஐந்து ஸ்கூப், நூற்றிருபது கிராம் புரதம். என் எடைக்கு எல்லை நூற்றெண்பது, அதற்குள்தான். இந்தத் தடவை பெருக்கிப் பார்த்தேன், மூன்று முறை.

நானும் அவல் சாப்பிடுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாள் 216. 12.30

பசி. வயிறு நிறைந்திருக்கிறது, ஆனாலும் பசி. இப்போதுதான் புரிகிறது அவர் சொன்னது. எண்ணெயில் பொரித்த எதையாவது நினைத்தாலே தாடை வலிக்கிறது. நேற்று ஏழு. இன்று எட்டு. எட்டு பரவாயில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எல்லைக்குக் கொஞ்சம்தான் மேலே.

நாள் 218. 10.00

தலைவலி. வாந்தி இருமுறை. தலைமை நிலையத்திலிருந்து: "காற்று குறையுது. மூணு நாளில் வர முயற்சி செய்றோம்." மாரி கைதட்டினார். நான் எதற்கென்று யோசித்தேன். மூன்று நாள் என்றால் எத்தனை ஸ்கூப்?

விரல் நடுங்குகிறது. தட்டச்சு செய்வது கடினமாக

நாள் 220. 08.10

இன்றைய பவுடர்: ஒரு ஸ்கூப். காலைக்கு அவ்வளவுதான். கவனமாக இருக்கிறேன்.

நாள் 220. 08.25

இன்றைய பவுடர்: ஒரு ஸ்கூப். கவனமாக இருக்கிறேன்.

நாள் 220. 08.31

இன்றைய பவுடர். ஒரு ஸ்கூப். யாரோ டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாரியாகத்தான் இருக்கும். அவரிடம் சொல்ல வேண்டும்.

நாள் 220. 08.44

ஒரு ஸ்கூப். கவன

நாள் 220. 13.00

நான் மாரியப்பன் எழுதுதேன். எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்ல.

காலையில நான் தூங்கிட்டு இருந்தேன். முழிச்சுப் பாத்தா அக்கா டப்பா பக்கத்துல தரையில உக்காந்து பவுடரை அப்படியே வாயில போட்டுக்கிட்டு இருக்காங்க. மூஞ்சியெல்லாம் வெள்ளை. கேட்டா இதுதான் முதல் ஸ்கூப்புங்காங்க. கையைப் பிடிச்சேன். என்னைக் கடிச்சுட்டாங்க. நான் யாருன்னு தெரியல.

டப்பாவைப் பூட்டிட்டேன். அவல் பையைத் தூக்கிப் பாத்தேன். அதுல அவங்க ஒரு பிடிகூட எடுக்கல. எனக்குக் கொடுத்தது போக மிச்சம் அப்படியே இருக்கு. இத்தனை நாளும் நானும் தின்னேன் நானும் தின்னேன்னு பொய் சொல்லியிருக்காங்க.

அவங்க எனக்குச் செஞ்ச மாதிரியே மருந்தும் வெல்லத்தண்ணியும் கொடுக்கேன். பாதி துப்புதாங்க.

நாள் 221. 07.30

ராத்திரி பூரா பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். தூங்க விட்டா திரும்ப முழிக்க மாட்டாங்களோன்னு பயம். என் வாழ்க்கையில இப்படிப் பயந்ததில்ல.

தலைமை நிலையம்: "கிளம்பிட்டோம். மூணு மணி நேரம். டாக்டர் பேசுறாங்களா?"

இல்லன்னு சொன்னேன்.

நாள் 221. 10.20

விமானச் சத்தம் கேக்கு.

இப்பதான் அக்கா கண்ணைத் திறந்தாங்க. என்னை நேராப் பாத்தாங்க. மெதுவா, "மாரி, நேத்து நான் எத்தனை ஸ்கூப் எடுத்தேன்?"னு கேட்டாங்க. கண்ணுல தண்ணி. அந்த முகத்தைப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரல.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா"ன்னேன்.

தலையை ஆட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க. இப்பக் கூப்பிட்டா பதில் இல்ல. மூச்சு இருக்கு.

நான் கதவைத் திறக்கப் போறேன். உள்ள வார டாக்டர் முதல்ல இதைப் படிங்க. டப்பாவை எடை போட்டுப் பாத்து எழுதுதேன். ஒண்ணு இல்ல. பத்தொன்பது.